திறந்த மின்னஞ்சல் ரிலே

திறந்த மின்னஞ்சல் ரிலே: தன்னைச் சேராத ஒருவர் அனுப்பி, தன்னைச் சேராத மற்றொருவருக்குப் போக வேண்டிய மின்னஞ்சலையும், இன்னார் என்று விசாரியாமலே ஏற்றுக் கொண்டுசேர்க்கும் மெயில் சர்வர் திறந்த ரிலே எனப்படும். இணையத்தின் ஆரம்பகாலத்தில் பரோபகாரமாகக் கருதப்பட்டு எங்கும் வழங்கிய இம்முறை, 1990-களின் பிற்பகுதியில் பெருந்தீங்கென்று உணரப்பட்டுப் படிப்படியாக ஒழிக்கப்பட்டது. வெளியாரிடமிருந்து அஞ்சல் பெறுவதும் வெளியாருக்காக அஞ்சல் சுமப்பதும் வெவ்வேறு காரியங்கள் என்பது சர்வர்களின் அமைப்பில் சிறுகச் சிறுக நிலைபெற்றதே அதன் சரித்திரத்தின் சாரம்.

தோற்றம்: 1971-இல் அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தைச் சேர்ந்த ரே டாம்லின்சன், ஆர்ப்பாநெட் என்னும் வலையில் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அஞ்சல் அனுப்பிக் காட்டினார். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் ஆர்.எஃப்.சி. 821 என்ற ஆவணமாக வெளியிட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் அனுப்பும் நெறிமுறையே இன்றைய மின்னஞ்சலுக்கும் அடிப்படை. ஆர்ப்பாநெட், சிஎஸ்நெட், பிட்நெட், யுயுசிபி என வலைகள் தனித்தனியே இயங்கிவந்த அந்நாளில், ஒரு வலையிலிருந்து மற்றொரு வலைக்குக் கடிதம் போக வேண்டுமானால் இரண்டிலும் தொடர்புடைய கணினி ஏதேனும் இடைநின்று சுமந்தாக வேண்டியிருந்தது; ஆதலால், எந்தெந்தக் கணினிகளின் வழியே கடிதம் செல்ல வேண்டும் என்பதை அனுப்புவோரே முகவரியில் வரிசையாகக் குறிப்பதும், வழியிலுள்ள கணினிகள் மறுப்புரையாமல் இணங்குவதும் சம்பிரதாயமாயின. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதி, 1983 முதல் பிஎஸ்டி யூனிக்ஸுடன் பரவிய சென்ட்மெயில் என்னும் மென்பொருள், இவ்வலைகளின் பலவிதமான முகவரிகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித்தர வல்லது. எவருடைய அஞ்சலையும் எவருக்கும் கொண்டுசெல்வது அதன் சுபாவமாகவே அமைந்திருந்தது.

1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய ஆர்.எஃப்.சி. 974, ஒரு டொமைனுக்குரிய அஞ்சலை எந்தச் சர்வர் பெறும் என்பதை, டொமைன் பெயர்களின் பதிவேடாகிய டிஎன்எஸ் வாயிலாக அறிவிக்கும் எம்எக்ஸ் பதிவுகளைக் கையாளும் முறையை வகுத்தது. அதன்பின் அனுப்பும் சர்வர் பெறும் சர்வரை நேராக நாட முடிந்ததாகையால், முன்பின் அறியாதார் தயவில் வழி தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் நீங்கிற்று. அவசியம் நீங்கியும் அனுமதி மட்டும் நீங்கவில்லை.

துஷ்பிரயோகம்: 1978 மே மாதத்திலேயே டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி ஒருவர் ஆர்ப்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு விளம்பர அஞ்சல் விடுத்துக் கண்டனத்துக்கு ஆளானார். எனினும், இணையம் வர்த்தகத்துக்குத் திறந்துவிடப்பட்ட 1990-களிலேதான், கேளாமல் வரும் விளம்பர அஞ்சலாகிய ஸ்பேம் ஒரு தொழிலாயிற்று. எஸ்.எம்.டி.பி. உரையாடலில் பெறுநர் முகவரிகள் ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்ட பிறகு கடிதத்தின் உடல் ஒரே முறை ஒப்படைக்கப்படுகிறது. ஓர் அஞ்சலுக்குக் குறைந்தது 100 பெறுநரையேனும் சர்வர் ஏற்க வேண்டும் என்று ஆர்.எஃப்.சி. 821 விதித்திருந்தது. ஆகவே, மந்தமான மோடம் இணைப்பை மட்டுமே உடைய ஒருவன் திறந்த ரிலே ஒன்றிடம் ஒரு பிரதியை ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ள, நூற்றுக்கணக்கான பிரதிகளை அனுப்பும் செலவும், சேராமல் திரும்பியவற்றின் சுமையும், பெற்றவர்களின் கோபமும் சர்வரின் சொந்தக்காரர்மேல் விழுந்தன.

எதிர்ப்பும் திருத்தமும்: 1997-இல் பால் விக்ஸி முதலானோர் தொடங்கிய மேப்ஸ் என்னும் அமைப்பு, ஸ்பேமுக்கு இடங்கொடுக்கும் ஐபி முகவரிகளைத் தடைப்பட்டியலாகத் தொகுத்து, எந்தச் சர்வரும் டிஎன்எஸ் வழியே கணப்பொழுதில் கேட்டறியச் செய்தது. ஆர்ப்ஸ் என்ற மற்றொரு பட்டியல், சர்வர்களைத் தானே சோதித்துத் திறந்திருந்தவற்றைச் சேர்த்துக்கொண்டமையால் பெரும் விவாதத்துக்கு இடமாயிற்று. எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனின் ஸ்தாபகர்களுள் ஒருவரான ஜான் கில்மோர், பேச்சுரிமையைக் காரணங்காட்டித் தம் சர்வரைத் திறந்தே வைத்திருந்தார். ஆனால் பொதுப்போக்கு மறுபுறமாகவே சென்றது. 1998-இல் வெளிவந்த சென்ட்மெயில் 8.9, நிர்வாகி வெளிப்படையாக அனுமதித்தாலன்றி ரிலே செய்வதில்லை என்பதை இயல்புநிலையாக்கிற்று. 1999 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 2505 அதையே சிறந்த நடைமுறையாகப் பரிந்துரைத்தது.

கதவை அடைத்தவுடனே, வெளியூர் சென்றிருக்கும் சொந்தப் பயனரும் வெளியாராகிவிட்டனர். இச்சங்கடத்தைத் தீர்க்க வந்தவை, பயனர் தம் அஞ்சலை ஒப்படைப்பதற்கென்றே 587 என்ற போர்ட்டை ஒதுக்கிய ஆர்.எஃப்.சி. 2476 (1998), கடவுச்சொல் முதலியவற்றால் பயனரை அடையாளங்காண வகைசெய்த ஆர்.எஃப்.சி. 2554 (1999) ஆகியவை. இவற்றால் உலகோர் அஞ்சல் கொண்டுவரும் 25-ஆம் போர்ட் ஒன்றும், தம்மவர் அஞ்சல் ஒப்படைக்கும் வாயில் வேறொன்றுமாகப் பிரிந்தன.

இக்கால அமைப்பு: பெறுநரின் டொமைன் தன்னுடையதா, அன்றி அனுப்புபவர் தன்னால் அடையாளங்காணப்பட்டவரா என்ற இரண்டனுள் ஒன்றுக்கேனும் ஆமென்ற விடை கிடைத்தால் மட்டுமே சர்வர் அஞ்சலை ஏற்க வேண்டும். அனுப்புநராகக் குறிக்கப்படும் முகவரியை எவரும் பொய்யாக எழுதக்கூடுமாதலால், அதை மட்டும் நம்பி ரிலே அனுமதிப்பது கதவைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும். வீட்சே வெனிமா உருவாக்கிய போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மெயில் சர்வர் மென்பொருளில், ஸ்பேம் தடுப்பு விதிகளினிடையே தவறாக எழுதப்பட்ட ஒரு சலுகை ரிலேயையும் திறந்துவிடும் அபாயம் இருந்தமையால், 2013-இல் வந்த 2.10-ஆம் பதிப்பு ரிலே விதிகளைத் தனிப்பட்டியலாக்கியது. நம்பத்தக்க வலையாக அக்கம்பக்கத்து ஐபி முகவரிகள் அனைத்தையும் கொள்ளாமல் தன் கணினியை மட்டும் கொள்வதை 3.0-ஆம் பதிப்பு இயல்பாக்கிற்று. இல்லாத பெறுநருக்கு வரும் கடிதத்தை உரையாடலின்போதே மறுக்க வேண்டும். ஏற்றபின் திருப்பினால், பொய் முகவரிக்குரிய நிரபராதிக்கு அது போய்ச்சேரும்.

பயனர் வாயிலுக்கும் உலகோர் வாயிலுக்கும் உள்ள வேற்றுமை மறையாக்கத்திலும் உண்டு. பயனர் வாயிலில் டிஎல்எஸ் என்னும் மறையாக்கம் இன்றிக் கடவுச்சொல் கேட்கலாகாது. ஆனால் உலகோருக்குரிய 25-ஆம் போர்ட்டில், அம்மறையாக்கத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டிஎல்எஸ் வசதியை முன்வைக்கலாமேயன்றி அதைக் கட்டாயமாக்கலாகாது என்பது 2002-இல் வந்த ஆர்.எஃப்.சி. 3207-இன் விதி. முடிவில், வெளி வலையிலிருந்து மூன்றாமவரின் டொமைனுக்கு ஓர் அஞ்சல் விடுத்து, 5-இல் தொடங்கும் மறுப்புக் குறியீடு வருகிறதா என்று பார்ப்பது நிர்வாகிகள் செய்யும் சோதனை.

விளைவு: ரிலேக்கள் அடைபட்டதனால் ஸ்பேம் ஒழியவில்லை; வைரஸ் புகுந்த வீட்டுக் கணினிகளையும் திருடிய கடவுச்சொற்களையும் அது நாடிற்று. ஆயினும், ஒரு சர்வரிலிருந்து வெளிச்செல்லும் அஞ்சலுக்கு அதன் நிர்வாகியே பொறுப்பாளி என்ற கொள்கை நிலைபெற்றது. ஒரு டொமைனின் பெயரில் அஞ்சல் அனுப்ப எச்சர்வருக்கு அதிகாரம் உண்டென்று அறிவிக்கும் எஸ்பிஎஃப் முதலிய பிற்கால ஏற்பாடுகள் அக்கொள்கையின்மீதே எழுந்தவை.