நெய்யூர் அறுவை மருத்துவமும் இரைப்பை ஹார்மோனும்

நாஞ்சில் நாட்டுக்கு மேற்கே, கல்குளம் வட்டத்து நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி 1838-இல் தொடங்கியது. 1922-இல் எவரெஸ்ட் மலையேற்றத்தில் பங்குகொண்டபின் இங்கு வந்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், திரண்டிருந்த நோயாளிகளின் அவதியைக் கண்டு, லண்டனில் அமையவிருந்த வாழ்வைத் துறந்து, இவ்வூரிலேயே பல்லாண்டு உழைத்தார். தென் திருவிதாங்கூரில் அந்நாளில் பெருகியிருந்த முன்சிறுகுடற்புண்ணுக்கு அவர் காலத்தில் ஆயிரக்கணக்கான அறுவைகள் நடந்தன.

அப்புண்ணை வளர்க்கும் அமிலத்தை ஆள்வது ஹார்மோன், அதாவது சில உயிரணுக்கள் நேரே இரத்தத்தில் கலக்கவிடும், தொலைவிலுள்ள உயிரணுக்களை இயக்கும் வேதிப்பொருள். செக்ரிட்டின் என்னும் குடல் ஹார்மோனை 1902-இல் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டறிந்தனர். 1905-இல் எட்கின்ஸ் கேஸ்ட்ரினை முன்மொழிந்தார். உணவு வந்ததும் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் சுரக்கும் கேஸ்ட்ரின், இரத்தவழியே மேற்பகுதியை அடைந்து அமிலத்தைப் பெருக்குகிறது. அமிலம் மிகும்போது சோமடோஸ்டேட்டின் என்னும் மற்றொரு ஹார்மோன் கேஸ்ட்ரினை அடக்குகிறது.

இப்புண்ணுக்காக இரைப்பையைச் சிறுகுடலோடு இணைப்பது மட்டுமே செய்யும் அறுவையில் அக்கீழ்ப்பகுதி எஞ்சிநின்றது. அதனை வெட்டி நீக்கும் அறுவையோ கேஸ்ட்ரினின் ஊற்றையே அகற்றியது. கேஸ்ட்ரினைக் கிரெகரியும் டிரேசியும் தூய நிலையில் பிரித்தெடுத்தது 1964-இல்தான் என்பதை எண்ணினால், வேதியியல் விளக்கம் முழுமையடையுமுன்பே நோயாளியின் வலியைத் தணித்த அறுவை மருத்துவரின் பணி எத்துணைப் பெரிதென்பது புலப்படும். இப்புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவை 1982-இல் வாரனும் மார்ஷலும் வளர்த்துக் காட்டியபின், அது சோமடோஸ்டேட்டினைக் குறைத்துக் கேஸ்ட்ரினை மிகுவிப்பதும் தெரியவந்தது.