தரங்கம்பாடி அருங்காட்சியகங்கள்

தரங்கம்பாடி அருங்காட்சியகங்கள் என்பன, தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டத்தில் வங்காள விரிகுடாக் கரையில் அமைந்துள்ள தரங்கம்பாடி என்னும் சிறிய கடற்கரை ஊரின் வரலாற்றைக் காட்சிப்படுத்தும் கூடங்கள் ஆகும். டான்ஸ்போர்க் கோட்டையில் இயங்கும் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இவற்றுள் பழையது. சீகன்பால்க் இல்ல அருங்காட்சியகமும் கடல்சார் அருங்காட்சியகமும் பின்னர் ஏற்பட்டவை. 2020 ஆம் ஆண்டில் மயிலாடுதுறை மாவட்டம் தனியே உருவாகும் வரை இவ்வூர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. எனவே பழைய நூல்களில் அம்மாவட்டப் பெயரே காணப்படும்.

ஏறத்தாழ 23,000 மக்கள் வாழும் ஒரு பேரூராட்சிக்கு இத்தனை அருங்காட்சியகங்கள் இருப்பது தமிழ்நாட்டில் அரிது. 1620 முதல் 1845 வரை இவ்வூர் டென்மார்க் நாட்டவரின் குடியேற்றமாக இருந்ததே இதற்குக் காரணம்.

வரலாற்றுப் பின்னணி

தரங்கம்பாடியின் வரலாறு டேனியருடன் தொடங்கவில்லை. கடற்கரையில் உள்ள மாசிலாமணிநாதர் கோயில் பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தது. கி.பி. 1305 ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கோயில் கல்வெட்டில் இவ்வூர் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் வழங்கப்பட்டுள்ளது. பட்டினம் என்ற பெயரே இங்கு முன்பே கடல் வணிகம் நடந்ததைக் காட்டுகிறது. இக்கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1618 ஆம் ஆண்டில் ஓவே கெத்தே என்பவரின் தலைமையில் கப்பல்களை அனுப்பினார். இலங்கையில் தளம் அமைப்பதே அப்பயணத்தின் முதல் நோக்கம். அது கைகூடாமல் போகவே, 1620 நவம்பரில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியைப் பெற்றனர். ஆண்டுக் குத்தகை 3,111 ரூபாய் என நூல்கள் குறிக்கின்றன. மன்னர் டேனிய அரசருக்குத் தங்க ஓலையில் தமிழில் ஒரு மடல் பொறித்து அனுப்பினார். அது இன்றும் கோபன்ஹேகனில் உள்ள டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. ஊரின் புகழ்பெற்ற ஆவணமான அதன் மூலத்தைக் காண வேண்டுவோர் ஐரோப்பாவிற்கே செல்ல வேண்டும்.

தொடக்க காலத்தில் டேனியர் இங்கு வலிமையாக இருந்ததாகக் கருதுவது தவறு. 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல் கூட வரவில்லை. வணிக நிறுவனமே 1650 இல் கலைக்கப்பட்டது. எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்ற அலுவலர் உள்ளூர் மக்களின் துணையோடு கோட்டையைக் காத்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669 இல் 'ஃபேரோ' என்ற கப்பல் வந்து சேர்ந்தபோதுதான் தொடர்பு மீண்டது. டேனியக் கொடி இறங்காமல் இருந்ததற்கு உள்ளூர்ப் படைவீரர்களும் கடலோடிகளும் பெரும் காரணம். அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் ஏடுகளில் ஏறவில்லை.

1777 இல் இக்குடியேற்றம் நிறுவனத்திடமிருந்து டேனிய அரசின் நேரடி ஆட்சிக்கு மாறியது. நெப்போலியன் காலப் போர்களின்போது ஆங்கிலேயர் 1801 இல் சிறிது காலமும், 1808 முதல் 1815 வரையும் இதைக் கைப்பற்றி வைத்திருந்தனர். 1845 இல் தரங்கம்பாடியும் வங்காளத்தின் சேரம்பூரும் சேர்த்து 12.5 இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்திய நிறுவனத்திற்கு விற்கப்பட்டன. 1861 இல் நாகப்பட்டினத்திற்கு இருப்புப் பாதை வந்தபின் வணிகம் அங்கே சென்றுவிட்டது. ஊர் வளராமல் நின்றதால், பழைய தெருக்களும் வீடுகளும் 1792 இல் கட்டப்பட்ட நகர வாயிலும் இடிக்கப்படாமல் தப்பின. வணிகர்க்கு இழப்பாக முடிந்த இந்நிகழ்வு வரலாற்று மாணவர்க்குப் பேறாக அமைந்தது.

டான்ஸ்போர்க் கோட்டை அருங்காட்சியகம்

கடலை நோக்கி நிற்கும் டான்ஸ்போர்க் கோட்டையின் கட்டுமானம் 1620 இல் தொடங்கியது. இக்கோட்டை இரண்டு தளங்கள் கொண்டது. கீழ்த்தளத்தின் வளைவுக் கூரை அறைகள் சரக்கறை, சமையலறை, சிறை, வீரர் தங்குமிடம் ஆகியவையாகப் பயன்பட்டன. மேல்தளத்தில் ஆளுநர், வணிகர், குருமார் ஆகியோர் வாழ்ந்தனர். 1784 முதல் ஆளுநர் எதிரே உள்ள மாளிகைக்குக் குடிபெயர்ந்தார். கோட்டையைச் சுற்றியிருந்த அகழி தூர்ந்து மறைந்துவிட்டது.

பிற்காலத்தில் கோட்டை அரசின் பயணியர் விடுதியாக இருந்தது. 1978 ஆம் ஆண்டளவில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இதைப் பொறுப்பேற்று அருங்காட்சியகம் அமைத்தது. 2000களின் தொடக்கத்தில் டென்மார்க்கிலிருந்து வந்த தன்னார்வலர்களின் துணையோடு கட்டடம் பழுதுபார்க்கப்பட்டது.

பீங்கான் கலங்கள், சீனத் தேயிலைச் சாடிகள், கண்ணாடிப் பொருட்கள், டேனியக் கையெழுத்து ஆவணங்கள், வாள், குறுவாள், ஈட்டி, பீரங்கிக் குண்டுகள், சுடுமண் பொருட்கள், மாக்கல் விளக்குகள், சுதை உருவங்கள், மரச் செதுக்கல்கள், கற்சிற்பங்கள் ஆகியவை இங்கு உள்ளன. திமிங்கில எலும்புக்கூட்டின் ஒரு பகுதியும் உண்டு. சிறுவர்களை முதலில் ஈர்ப்பது பெரும்பாலும் இதுவே.

இத்தொகுப்பு ஒரே கதையைச் சொல்வதன்று. சீனச் சாடிகள் ஆசியத் துறைமுகங்களுக்கு இடையே நடந்த வணிகத்தின் எச்சங்கள். டேனியர் தொடக்கத்தில் மிளகையும், பின்னர் பருத்தித் துணிகளையும் நாடினர். தரங்கம்பாடியில் கப்பல் கரையணையும் துறை கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, சரக்கையும் ஆட்களையும் அலை கடந்து கொண்டுவந்தவை சலங்குகளும் கட்டுமரங்களுமே. பீங்கான் சாடி ஒன்றைப் பார்க்கும் மாணவர், அதைக் கரையில் இறக்கிய படகோட்டியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கோட்டைக் காட்சிகளில் மேலோங்கி நிற்பது டேனியர் கதையே ஆதலால் இதைத் தனியே குறிப்பிட வேண்டியுள்ளது.

கோட்டைச் சிறையுடன் தொடர்புடைய ஒரு நிகழ்வு தமிழ் அச்சு வரலாற்றைத் தொடுகிறது. 1706 சூலை 9 இல் இங்கு வந்திறங்கிய செருமானிய லூத்தரன் சமயப் பணியாளர் பர்த்தலோமேயு சீகன்பால்க், டேனிய ஆளுநர் ஹாசியசுடன் ஏற்பட்ட பூசலால் 1708 இன் இறுதியில் கைது செய்யப்பட்டு ஏறத்தாழ நான்கு மாதங்கள் இக்கோட்டையில் அடைக்கப்பட்டார். அவரை அனுப்பியவர் டேனிய மன்னர் நான்காம் பிரெடெரிக். சிறையிட்டவர் அதே மன்னரின் கொடியின்கீழ் ஆண்ட ஆளுநர். வணிகமும் சமயப் பணியும் எப்போதும் கைகோத்து நடந்தன என்ற பொதுக் கருத்துக்கு இது மாறான சான்று.

சீகன்பால்க் இல்ல அருங்காட்சியகம்

சீகன்பால்க் வாழ்ந்த வீடு செருமனியின் ஆலே நகரில் உள்ள பிராங்கே நிறுவனங்களின் முயற்சியால் புதுப்பிக்கப்பட்டு, 2017 இல் பண்பாடுகளுக்கு இடையேயான உரையாடலை மையமாகக் கொண்ட அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழம்பொருள் சேகரிப்பை விட, ஐரோப்பியரும் தமிழரும் ஒருவரிடமிருந்து ஒருவர் என்ன கற்றனர் என்பதை விளக்குவதே இதன் நோக்கம்.

சீகன்பால்க் 1708 இல் தாம் திரட்டிய தமிழ் ஓலைச்சுவடிகளுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களைக் குறிக்கும் அப்பட்டியலில் தொல்காப்பியமும் திருக்குறளும் இடம்பெறுகின்றன. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கடற்கரை ஊரின் சுற்றுவட்டாரத்தில் எந்தெந்தச் சுவடிகள் கிடைத்தன என்பதற்கு இது அரிய சான்று. அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716 இல் ஆலேயில் அச்சானது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713 இல் முடித்த நூலை அச்சிட ஆலேயில் இருந்த மேலோர் உடன்படவில்லை. அது 1867 இல்தான் சென்னையில் வெளிவந்தது.

இலண்டனிலிருந்து வந்த அச்சுப்பொறியைக் கொண்டும், ஆலேயில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துக்களைக் கொண்டும் 1713 முதல் இங்கு தமிழ் நூல்கள் அச்சிடப்பட்டன. ஆலேயிலிருந்து வந்த எழுத்துக்கள் அளவில் பெரியவையாக இருந்து தாளை வீணாக்கியதால், சிறிய எழுத்துக்கள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715 இல் நிறைவுற்றது. அருகிலுள்ள பொறையாரில் தாள் ஆலை ஒன்றும் அமைக்கப்பட்டது. தமிழின் முதல் அச்சு இங்குதான் நிகழ்ந்தது என்று சில இடங்களில் எழுதப்படுவது சரியன்று. கொல்லத்தில் 1578 இலேயே 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. எனினும், இடையில் தடைப்பட்டிருந்த தமிழ் அச்சுப்பணி தொடர்ந்து நடைபெற வழிவகுத்தது தரங்கம்பாடி அச்சகமே.

சீகன்பால்க் 1719 இல் இறந்தார். அவரது கல்லறை, 1718 இல் திறக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தினுள் உள்ளது.

கடல்சார் அருங்காட்சியகம்

டென்மார்க்கில் இயங்கும் தரங்கம்பாடிக் கழகத்தின் முயற்சியால் ஏற்பட்ட கடல்சார் அருங்காட்சியகம், கடல் வழித் தொடர்புகளையும் மீன்பிடி வாழ்வையும் எடுத்துக்காட்டும் சிறிய கூடமாகும். கோட்டையில் குறைவாகக் காணப்படும் உள்ளூர்க் கடலோடிகளின் பக்கம் இங்கு ஓரளவு நிறைவு செய்யப்படுகிறது.

வெளிநாடுகளில் உள்ள தரங்கம்பாடிப் பொருட்கள்

இவ்வூரின் நினைவில் பெரும்பகுதி ஊருக்கு வெளியே உள்ளது. குடியேற்ற ஆவணங்கள் கோபன்ஹேகனில் உள்ளன. சமயப் பணியாளர்கள் திரட்டிய ஓலைச்சுவடிகளும் அவர்கள் எழுதிய மடல்களும் ஆலேயில் பாதுகாக்கப்படுகின்றன. அங்குள்ள 18 ஆம் நூற்றாண்டு அரும்பொருட் கூடத்தில் தரங்கம்பாடியிலிருந்து அனுப்பப்பட்ட பொருட்களும் உண்டு. அவ்வகையில் தரங்கம்பாடிக்கு ஐரோப்பாவிலும் ஓர் அருங்காட்சியகம் உள்ளது எனலாம்.

இவை திரும்பத் தரப்பட வேண்டுமா என்ற வினாவுக்கு எளிய விடை இல்லை. உப்புக் காற்றும் ஈரப்பதமும் கரையானும் தாளையும் ஓலையையும் அழிக்கக்கூடியவை. ஐரோப்பாவின் குளிர்ந்த காப்பகங்களில் இருந்ததால்தான் பல சுவடிகள் தப்பின என்பது உண்மை. தரங்கம்பாடிப் பள்ளி மாணவர் ஒருவர் தம் ஊர்ச் சுவடியைக் காண இயலாது என்பதும் அதே அளவு உண்மை. நல்ல படிகள் இங்கு காட்சிக்கு வைக்கப்படின் இக்குறை பெரிதும் நீங்கும்.

கடலும் பாதுகாப்பும்

டேனியர் காலம் தொட்டே கடல் கரையை அரித்து வருகிறது. கோட்டைக்கும் கடலுக்கும் இடையே கருங்கற்கள் கொட்டி அரண் அமைக்கப்பட்டுள்ளது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் இவ்வூர் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மீனவர் குடியிருப்புகளே பேரிழப்பைச் சந்தித்தன. பல குடும்பங்களுக்குக் கரையிலிருந்து தள்ளிப் புதிய வீடுகள் கட்டித்தரப்பட்டன. அதன் பின்னர் டென்மார்க் தேசிய அருங்காட்சியகம், மாநிலத் தொல்லியல் துறை, தொண்டு அமைப்புகள் ஆகியவற்றின் துணையோடு ஆளுநர் மாளிகை உள்ளிட்ட பழைய கட்டடங்கள் சீரமைக்கப்பட்டன. பழைய வீடுகளைப் பேணும் பணியும் கரையில் வாழ்வோரின் தேவைகளும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. பாரம்பரியம் எனப்படுவது யாருடையது என்ற கேள்வி இங்கு ஏட்டளவில் நிற்பதன்று.

அமைவிடம்

கோட்டையும் சீகன்பால்க் இல்லமும் நகர வாயிலுக்கு உட்பட்ட பழைய ஊர்ப்பகுதியில் உள்ளன. எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம். மயிலாடுதுறையிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலுள்ள இவ்வூருக்கு அங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் பேருந்துகள் உள்ளன. 1926 இல் தொடங்கப்பட்ட மயிலாடுதுறை - தரங்கம்பாடி குறுகிய மீட்டர் பாதைத் தொடர்வண்டி 1986 இல் நிறுத்தப்பட்டது.