அரை டன் வண்டியும் கதவோரத்து ஸ்டிக்கரும்

போன மாசம் என் மைத்துனன் டெக்சாஸிலிருந்து கூப்பிட்டான். "மாமா, டிரெய்லர் வாங்கியாச்சு. அப்பா அம்மாவையும் கூட்டிக்கிட்டு கிராண்ட் கேன்யன் போறோம்" என்றான். என் மாமனாரும் மாமியாரும் மதுரையிலிருந்து போய் இப்போது அவனோடுதான் இருக்கிறார்கள்.

"உன் பிக்கப் அதை இழுக்குமாடா?" என்று கேட்டேன்.

"11,000 பவுண்டு வரைக்கும் இழுக்கும்னு கடைக்காரர் சொன்னார் மாமா. டிரெய்லர் சாமானோட சேர்த்தே 6,800தான் வருது."

கேட்க சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் டிரைவர் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆட்களும் சாமானும் சேர்ந்து 1,480 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் இருந்தது. நம்ம கணக்கில் 671 கிலோ. ஒரே வண்டி, ஒரு எண் 11,000, இன்னொரு எண் 1,480. இரண்டும் எங்கிருந்து வந்தன என்று தேடப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

முதலில் பெயரிலிருந்து ஆரம்பிப்போம். அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளை இன்றைக்கும் அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்றுதான் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் இது உண்மையான கணக்கு. ஃபோர்டு கம்பெனி 1917-இல் மாடல் டிடி என்ற வண்டியை விட்டபோது அது ஒரு டன் சுமக்கும் லாரி. 1925-இல் மாடல் டி காரின் பின்னால் ஒரு தொட்டியை வைத்து, கம்பெனியிலேயே செய்த பிக்கப்பை 281 டாலருக்கு விற்றார்கள். 1948-இல் வந்த எஃப்-1 அரை டன் வண்டி. 1953-இல் அதன் பெயர் எஃப்-100 ஆனது. அமெரிக்க டன் என்பது 2,000 பவுண்டு. ஆக அரை டன் என்றால் 1,000 பவுண்டு சுமக்கும். பெயரைக் கேட்டாலே வண்டியின் பலம் தெரிந்துவிடும்.

பிறகு வண்டிகள் வளர்ந்தன, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. 1975-இல் எஃப்-150 வந்த கதை சுவாரசியமானது. மொத்த எடை வரம்பு 6,000 பவுண்டுக்குக் கீழே இருந்த வண்டிகளுக்கு அப்போது புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாகின. அந்தக் கோட்டைத் தாண்டி நிற்பதற்காகவே கொஞ்சம் கனமான ஒரு அரை டன் வண்டியைக் கொண்டு வந்தார்கள். அந்த வண்டியின் எடை வரம்பை முடிவு செய்ததில் சுமைக்கு இருந்த பங்கைவிட சட்டத்துக்கு இருந்த பங்கு அதிகம். இன்றைக்கு அரை டன் என்பது வெறும் குடும்பப் பெயர் மாதிரி. அதை வைத்து எடை சொல்ல முடியாது.

டிரெய்லரின் கதை தனி. முதல் உலகப் போர் முடிந்ததும் காரிலேயே ஊர் சுற்றி முகாம் போடும் பழக்கம் பரவியது. 1919-இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். வாலி பயம் 1931-இல் ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியைத் தொடங்கினார். 1947-இல் அந்தக் கம்பெனி ஒரு விளம்பரப் படம் எடுத்தது: ஆல்ஃப்ரெட் லெட்டூர்னர் என்ற பிரெஞ்சு சைக்கிள் வீரர் தன் சைக்கிளில் ஒரு ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரைக் கட்டி இழுக்கிறார். டிரெய்லர் அவ்வளவு லேசாம்.

இந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சக்கரத்தின் மேல் நிற்கும் பொருளைச் சமதளத்தில் இழுப்பதற்குப் பெரிய பலம் வேண்டியதில்லை. இழுப்பது வேற, சுமப்பது வேற.

நம்ம ஊரில் மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இது தெரியும். முன்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரும் அப்படித்தான். அதன் எடையில் ஒரு பங்கு முன்பக்கக் கொக்கி வழியாக பிக்கப்பின் முதுகில் இறங்குகிறது. பயண டிரெய்லருக்கு இது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வால் மாதிரி ஆட ஆரம்பிக்கும். கூடினால் பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடி தளரும். இந்தக் கொக்கிப் பாரத்தை பிக்கப் இழுக்கவில்லை, சுமக்கிறது. அதனால் அது அந்த 1,480-க்குள் அடங்க வேண்டும்.

1954-இல் வந்த 'தி லாங், லாங் டிரெய்லர்' என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தில் லூசில் பால் போகிற ஊரிலெல்லாம் ஒரு கல்லைப் பொறுக்கி டிரெய்லரில் சேர்ப்பார். கணவர் தூக்கிப் போடச் சொன்ன பிறகும் ஒளித்து வைப்பார். மலைப் பாதையில் ஏறும்போது உயிர் போய் உயிர் வரும். தியேட்டரில் சிரித்திருப்பார்கள். ஆனால் எடை இப்படித்தான் ஏறுகிறது, ஒவ்வொரு கல்லாக.

சிரிக்க முடியாத சம்பவம் 2000-இல் வந்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் கழன்று உரிந்து, வண்டிகள் உருண்டு, 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லட்சக்கணக்கான டயர்களைத் திரும்பப் பெற்றார்கள். அந்த வருடம் நவம்பரில் 'டிரெட்' சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்த விதிகளின்படிதான் ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டு என்று ஒரே எண்ணாகக் கதவோரத்தில் ஒட்டுவது கட்டாயமானது. மைத்துனன் அனுப்பிய படத்தில் இருந்தது அந்த ஸ்டிக்கர்தான். அவ்வளவு சாவுக்குப் பிறகு வந்த எண் அது.

அந்த 11,000? நெடுங்காலம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு இழுவை எண்ணைப் போட்டுக்கொண்டது. 2008-இல்தான் எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு ஜே2807 என்ற பொதுச் சோதனையை வெளியிட்டது. அரிசோனாவில் டேவிஸ் டாம் பக்கம் இருக்கும் நீண்ட ஏற்றத்தில், டிரெய்லரோடு மணிக்கு 40 மைல் வேகம் குறையாமல் ஏற வேண்டும். டொயோட்டா முதலில், 2011 மாடலில் ஒத்துக்கொண்டது. அதன் டண்ட்ரா பிக்கப்பின் இழுவை எண் இறங்கியது. மற்ற பெரிய கம்பெனிகள் 2015 மாடல் வாக்கில்தான் வழிக்கு வந்தன.

நல்ல சோதனைதான். ஆனால் அதன் கணக்கில் வண்டிக்குள் இருப்பது தலா 150 பவுண்டு எடையுள்ள இரண்டு பேர், கொக்கிப் பாரம் 10 சதவீதம். மைத்துனன் வண்டிக்கு அதைப் போட்டுப் பார்த்தேன். 11,000-இல் 10 சதவீதம் 1,100. ஆட்கள் 300. மொத்தம் 1,400. மீதி 80 பவுண்டு, ஹிட்ச் மாட்டினால் அதுவும் தீர்ந்தது. அதாவது கடைக்காரர் சொன்ன எண் பொய்யில்லை. மாமனார், மாமியார், குழந்தை, ஐஸ்பெட்டி எதுவும் இல்லாத வண்டிக்கு அது உண்மை.

அவன் குடும்பத்துக்கான கணக்கு இது. 6,800-இல் 13 சதவீதம் 884. ஹிட்ச் 90. பெரியவர்கள் நாலு பேர் 620, பையன் 60. தொட்டியில் சாமான் 100. மொத்தம் 1,754. வரம்பைவிட 274 பவுண்டு, 124 கிலோ கூடுதல். இழுவைக் கணக்கில் பார்த்தால் இன்னும் 4,200 பவுண்டு பாக்கி!

"எடையைச் சமன் பண்ற ஹிட்ச் போட்டிருக்கேனே மாமா?" என்றான். அது பாரத்தை முன்அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கும், நல்லதுதான், அவசியமும்கூட. ஆனால் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை அது கூட்டாது.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அடுத்த நாள் லாரிகள் நிற்கும் இடத்தில் இருந்த எடை மேடையில் வண்டியை ஏற்றிப் பார்த்துவிட்டு, சீட்டைப் படம் எடுத்து அனுப்பினான். என் கணக்கிலிருந்து பெரிய வித்தியாசம் இல்லை.

கடைசியில் டிரெய்லரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவன் மனைவி காரில் மாமனார், மாமியாரை ஏற்றிக்கொண்டு பின்னால் போனாள். பிக்கப்பில் அவனும் பையனும் மட்டும். இப்போது கணக்கு 1,314. கேன்யன் ஓரத்தில் நின்று மாமனார் வீடியோ காலில் வந்தார். "காரு சௌகரியமாத்தான் இருந்துச்சு மாப்ளை. ஆனா எதுக்கு ரெண்டு வண்டி, பெட்ரோல் தண்டம்" என்றார்.

ஸ்டிக்கர் கதையை அவருக்கு நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் யாராவது அங்கே டிரெய்லர் வாங்கப் போனால், கடைக்குள் நுழைவதற்கு முன் கதவைத் திறந்து அந்த எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள்.