செவர்லேவுக்கு ரஷ்ய சம்பந்தம்

1962 பிப்ரவரி. வெள்ளை மாளிகை. ஜனாதிபதி கென்னடி தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிங்கரைக் கூப்பிட்டார். ஓர் உதவி வேண்டும். கியூபா சுருட்டு. ஆயிரம் வேண்டும். நாளைக் காலைக்குள்.

சாலிங்கரும் சுருட்டுப் பிரியர்தான். கடை கடையாக அலசி, மறுநாள் காலையில் 1,200 சுருட்டுகளுடன் ஆஜரானார். கென்னடி திருப்தியாக மேஜை டிராயரைத் திறந்தார். ஒரு காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். இனி கியூபாவுடன் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. பல வருஷங்கள் கழித்து சாலிங்கரே சொன்ன கதை இது.

ஆக, ஜனாதிபதி ஸ்டாக் எடுத்து வைத்துக்கொண்டார். ஹவானாவில் செவர்லே கார் வைத்திருந்த ஆள் என்ன செய்வார்? அவருக்கு முதல் இடி 1960 அக்டோபரிலேயே விழுந்துவிட்டது. உணவு, மருந்து தவிர வேறெதையும் கியூபாவுக்கு ஏற்றுமதி செய்யக்கூடாது என்று அப்போதைய ஜனாதிபதி ஐசன்ஹோவர் தடை போட்டிருந்தார். கியர்பாக்ஸ் உணவும் இல்லை, மருந்தும் இல்லை.

ஹவானா என்றதும் உங்கள் கண்ணில் என்ன தெரிகிறது? இளஞ்சிவப்பிலும் வானநீலத்திலும் பளபளக்கும் கப்பல் மாதிரி கார்கள். காலண்டரில் பார்த்திருப்பீர்கள். சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அடடா, பழமையை எப்படிப் போற்றுகிறார்கள் என்று உச்சுக்கொட்டியும் இருப்பீர்கள். ஆனால், அது பழமைப் பாசம் இல்லை. பச்சைக் கணக்கு. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள, நாம் காருக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

ஐம்பதுகளில் கியூபா, அமெரிக்காவின் கொல்லைப்புறம். ஃபுளோரிடாவிலிருந்து கூப்பிடு தூரம். டெட்ராய்ட்டில் புது மாடல் வந்தால் கொஞ்ச நாளில் ஹவானா வீதியிலும் ஓடும். 1959 ஜனவரி 1-ம் தேதி சர்வாதிகாரி பாடிஸ்டா விமானம் ஏறி ஓடினார். காஸ்ட்ரோ வந்தார். பணக்காரர்கள் பலரும் மியாமிக்குக் கிளம்பினார்கள். கார்களைக் கையில் எடுத்துக்கொண்டா போக முடியும்? நின்றுவிட்டன. சுமார் 60,000 அமெரிக்க கார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

அவற்றில் கணிசமானவை ஆட்டோமேடிக் கியர். 1950-லேயே செவர்லே 'பவர்கிளைடு' என்ற பெயரில் அதைக் கொண்டுவந்துவிட்டது. கிளட்ச் பெடல் கிடையாது. கியர் மாற்றும் தொல்லை கிடையாது. மிதித்தால் போகும். ஆனால், உள்ளே இருப்பது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் சமாசாரம். அதற்கென்றே தனி எண்ணெய், தனி ரப்பர் சீல்கள், தனி வளையங்கள் வேண்டும். எல்லாம் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். வரவில்லை. வசதிக்காகக் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய பாகம்தான் முதலில் காலைவாரியது.

தொழில்துறை அமைச்சர் யார் தெரியுமா? சே குவேரா. தொழிலாளியே, உன் இயந்திரத்தை நீயே கட்டு என்றார், 1961-ல். ஆலைகளுக்குச் சொன்னதை மெக்கானிக்குகளும் கேட்டுக்கொண்டார்கள்.

கட்டுவதற்குச் சாமான்? அது மாஸ்கோவிலிருந்து வந்தது. 1960 பிப்ரவரியில் சோவியத் தலைவர்களில் ஒருவரான மிகோயன் ஹவானா வந்தார். சர்க்கரையைக் கொடு, எண்ணெய் தருகிறேன் என்று ஒப்பந்தம். எண்ணெயைத் தொடர்ந்து மாஸ்க்விச், வோல்கா, எழுபதுகளில் லாடா என்று கார்களும் வந்து இறங்கின. எல்லாம் மேனுவல் கியர். முரட்டு சாமான். ரிப்பேர் சுலபம்.

சரி, ரஷ்ய கியர்பாக்ஸைக் கழற்றி அமெரிக்க காரில் மாட்டினால் வேலை முடிந்ததா? ம்ஹூம். அவ்வளவு சுலபமில்லை. நம்ம ஊர் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்களே, இதற்குக் குறைந்தது ஐந்தாவது பார்க்க வேண்டும்.

முதல் பொருத்தம், முகம். இன்ஜினின் பின்பக்க போல்ட் துளைகளும் கியர்பாக்ஸின் முன்பக்கத் துளைகளும் ஒன்றுக்கொன்று சேராது. வழி? நடுவில் ஒரு கனமான இரும்புத் தகடு. அதில் செவர்லே இன்ஜினுக்கு ஒரு வரிசைத் துளை, வோல்கா கியர்பாக்ஸுக்கு இன்னொரு வரிசைத் துளை. கேட்க எளிது. ஆனால், இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டும் கியர்பாக்ஸின் முன் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். தலைமுடி கனத்துக்கு விலகினாலும் போச்சு. பேரிங் அரைபடும். கிளட்ச் முழுசாக விடுபடாது. ஓடும்போதே கியர் நழுவும்.

இரண்டாவது, கைப்பிடிப்பு. கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் பல் பல்லாக வெட்டியிருக்கும். கிளட்ச் பிளேட்டின் நடுத்துளை அந்தப் பல்லில் கச்சிதமாக உட்கார வேண்டும். பிளேட்டின் வெளிவட்டமோ இன்ஜினின் ஃப்ளைவீலுக்குச் சரியாக இருக்க வேண்டும். ஆக, நடுப்பகுதி ரஷ்ய பிளேட்டிலிருந்து, வெளிவட்டம் இன்னொரு பிளேட்டிலிருந்து. இரண்டையும் ரிவெட் அடித்து ஒன்றாக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு சின்ன புஷ். கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் ஒரு குழி இருக்கும். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் மூக்கு அதில் உட்கார்ந்து சுற்றும். இந்த மூக்குக்கும் அந்தக் குழிக்கும் அளவு ஒத்துப்போகாது. லேத்தில் வெண்கலத்தைக் கடைந்து புது புஷ் போட வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். இது சரியில்லை என்றால் மொத்தமும் வீண்.

நான்காவது, நீளம். கியர்பாக்ஸின் நீளம் மாறினால் பின்சக்கரத்துக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டை வெட்ட வேண்டும், அல்லது ஒட்டுப்போட வேண்டும். இதில் செவர்லேவுக்கு ஒரு செவ்வாய் தோஷம் உண்டு. 1954 மாடல் வரை அந்த ஷாஃப்ட் ஒரு மூடிய இரும்புக் குழாய்க்குள் ஓடும். சக்கரம் காரை உந்தும் விசையையும் அந்தக் குழாய்தான் தாங்கும். வேறு கியர்பாக்ஸ் போட்டால் குழாயைப் பொருத்த இடமிருக்காது. பின் ஆக்ஸிலையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும். 1955 மாடலில் திறந்த ஷாஃப்ட்டுக்கு மாறினார்கள். ஒரே ஒரு வருஷ வித்தியாசம், மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்.

ஐந்தாவது, குணம். லாடாவின் கியர்பாக்ஸ் 1.2 லிட்டர் இன்ஜினுக்காகச் செய்தது. செவர்லேவின் ஆறு சிலிண்டர் இன்ஜினோ 3.9 லிட்டர்வாக்கில். யானை இழுப்பை ஆட்டுக்குட்டியின் தலையில் கட்டினால் பல் உடையத்தான் செய்யும். 2.4 லிட்டர் வோல்காவின் கியர்பாக்ஸ் இன்னும் தாங்கும். பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகாமல் டீசல் இன்ஜின் ஏற்றினால் வேறு சிக்கல். டீசல் மெதுவாகச் சுற்றும் ஜாதி. பழைய ஆக்ஸிலோடு ஓட்டினால் சத்தம்தான் வரும், வேகம் வராது. ஆக்ஸிலின் பல் கணக்கையும் மாற்ற வேண்டும்.

இத்தனைக்கும் மேல், ஆட்டோமேடிக் காரில் கிளட்ச் பெடலே கிடையாதே! அதையும் செய்து மாட்டி, தரையில் ஓட்டை போட்டு கியர் ராடை மேலே கொண்டுவர வேண்டும்.

கொஞ்சம் ரஷ்ய வீட்டாரின் பூர்வீகத்தையும் விசாரித்துவிடுவோம். வோல்கா தயாரித்த 'காஸ்' ஆலை யார் உதவியில் எழுந்தது? 1929-ல் சோவியத் அரசு ஒப்பந்தம் போட்டது அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனியோடு! 1932-ல் அங்கிருந்து வந்த முதல் கார், ஃபோர்டு மாடல் ஏ-யின் அச்சு. முதல் மாஸ்க்விச்? ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமான ஜெர்மனியின் ஓப்பல் கம்பெனி கார். லாடா? இத்தாலியின் ஃபியட் 124. அதே ஃபியட் 124 உடம்பில் நிஸ்ஸான் இன்ஜினைப் பொருத்தித்தான் எண்பதுகளில் நம் நாட்டில் பிரீமியர் 118 என்.இ. வந்தது. சம்பந்திகள் மேடையில் திட்டிக்கொண்டாலும் கொட்டகைக்குள் சொந்தக்காரர்கள்தான்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். இவ்வளவு பாடுபட்டு ரஷ்ய கியர்பாக்ஸை அமெரிக்க காருக்குள் நுழைப்பானேன்? ரஷ்ய காரையே ஓட்டிவிட்டுப் போகலாமே?

இங்கேதான் சட்டம் வருகிறது. லாடா உங்கள் இஷ்டத்துக்கு வாங்குகிற கார் இல்லை. டாக்டர், என்ஜினீயர், முன்மாதிரித் தொழிலாளி என்று பார்த்து அரசாங்கம் ஒதுக்கும். ஓட்டலாம், விற்க முடியாது. ஆனால், புரட்சிக்கு முன்பே நாட்டுக்குள் இருந்த கார்களைத் தாராளமாக விற்கலாம், வாங்கலாம். 2011 வரை இதுதான் விதி.

பி.காம். முதல் வருஷத்திலேயே எங்களுக்குத் தேய்மானம் சொல்லிக்கொடுத்தார்கள். கார் வாங்கிய நாளிலிருந்து அதன் மதிப்பு வருஷாவருஷம் குறையும். கடைசியில் காயலான் கடை விலை. ஹவானாவில் இந்தப் பாடம் தலைகீழ். புத்தகக் கணக்கில் பூஜ்யமாகிவிட்ட 1954 செவர்லேதான் ஒரு குடும்பம் சட்டப்படி விற்கக்கூடிய மிகப்பெரிய சொத்து. மகள் கல்யாணத்துக்கோ, அவசரச் செலவுக்கோ கை கொடுக்கக்கூடிய ஒரே சாமான். உள்ளே இருப்பது எதுவாகவும் இருக்கலாம். வெளிக்கூடும் பதிவுப் பத்திரமும் பழசாக இருந்தால் போதும்.

1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. எண்ணெய் நின்றது. ரஷ்ய உதிரி பாகமும் நின்றது. பொருளாதாரம் சில வருஷங்களில் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. பஸ்கள் படுத்துவிட்டன. சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் சைக்கிள்களை வரவழைத்து ஜனங்களுக்குக் கொடுத்தது அரசாங்கம். 1993-ல் வேறு வழியில்லாமல் சொந்தத் தொழில் செய்ய அனுமதித்தார்கள். பழைய கார்கள் ஷேர் டாக்ஸி ஆயின. பாதாம் கொட்டை மாதிரி உருண்டு திரண்டிருப்பதால் 'அல்மென்ட்ரோன்' என்று செல்லப்பெயர். சொத்தாக நின்றுகொண்டிருந்த கார், சோறு போட ஆரம்பித்தது. அன்றைக்குக் கியர் உடைந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அப்போது லேத் பட்டறைக்காரர், டாக்டரைவிட அவசரமான ஆள்.

2011-ல் எல்லா கார்களையும் வாங்கி விற்கலாம் என்று சட்டம் தளர்ந்தது. 2014 ஜனவரியில் அரசாங்கக் கடையில் யார் வேண்டுமானாலும் கார் வாங்கலாம் என்றார்கள். ஜனங்கள் ஆசையாகப் போய் விலைப்பட்டியலைப் பார்த்தார்கள். பிஜோ 508 ரகம் ஒன்று, 2,62,000 டாலர். அப்போது அங்கே ஓர் அரசாங்க ஊழியரின் சராசரி சம்பளம் மாசம் 20 டாலர்வாக்கில். கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தால் 1,091 வருஷம் ஆகும்.

வந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பி, பழைய காரின் அடியில் மறுபடி படுத்துக்கொண்டார்கள்.

அடுத்த தடவை அந்தக் காலண்டர் படத்தைப் பார்க்கும்போது பெயின்ட்டை மட்டும் ரசித்துவிட்டுப் போகாதீர்கள். உடம்பு அமெரிக்கா. கியர்பாக்ஸ் ரஷ்யா. இன்ஜின் ஜப்பானாகவோ கொரியாவாகவோ இருக்கலாம். இத்தனையும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பது, நடுவே இருக்கும் அந்த இரும்புத் தகட்டால்தான். காரில் கியூபாவில் செய்த பாகம் எது என்று கேட்டால், முதலில் அதைத்தான் காட்ட வேண்டும். ஆனால், அது படத்தில் தெரியாது.