பிழை தேடுதலின் கேம்பிரிட்ஜ் காலம்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினி 1949 மே 6 அன்று முதன்முதலாக இயங்கி, வர்க்க எண்களின் அட்டவணையை அச்சிட்டபோது, நிரல் எழுதுவதைவிட அதன் பிழைகளைக் களைவதே பெரும்பாடாகும் என்பதை அதை உருவாக்கியவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. சில வாரங்களில், அவர்களுள் ஒருவரான மாரிஸ் வில்க்ஸ் ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டுக்காக எழுதிய, 126 வரிகளே கொண்ட நிரலில் ஏறத்தாழ 20 பிழைகள் இருந்தன.

தொடக்கத்தில் பயனர்கள் பொத்தானை அழுத்திக் கட்டளைகளை ஒவ்வொன்றாக இயக்கி, நினைவகத்தில் உள்ளதைப் புள்ளிகளாகக் காட்டும் திரையைப் பார்த்தபடியே பிழை தேடினர். பலரும் காத்திருந்த ஒற்றைக் கணினியில் இது வீண் ஆடம்பரமே. எனவே அங்கு எட்சாக்குடன் பணியாற்றிய ஸ்டான்லி கில் 1951இல் வெளியிட்ட கட்டுரையில், ஐயத்துக்குரிய நிரலின் கட்டளைகளை வரிசையாக எடுத்து நிறைவேற்றிக்கொண்டே, ஒவ்வொன்றின் குறியெழுத்தையும் அச்சிட்டுச் செல்லும் துணைநிரலை, அதாவது தடமறி நிரலை, விளக்கினார். அச்சுத்தாளை மேசைக்குக் கொண்டுபோய் ஆற அமர ஆராய அது வழிசெய்தது.

இன்று செயற்கை நுண்ணறிவு துணைபுரியும் நிரல் திருத்திகளும் இத்தகைய தடங்களையும் பிழைச்செய்திகளையும் வாசித்துத் திருத்தம் பரிந்துரைக்கின்றன. ஆனால் கில்லின் நிரல் நடந்ததை மட்டுமே சொன்னது, இவையோ நடந்திருக்கக்கூடியதை ஊகித்தும் சொல்வதால், பரிந்துரைத்த திருத்தமே புதுப் பிழையாக முளைப்பதும் உண்டு.