ஏழு மீட்டர் உயரமும் ஏழு மாடியும்

கொடைக்கானலில் வீடு கட்டப் போகிறேன் என்று சொன்னால், கீழே வத்தலக்குண்டிலும் பெரியகுளத்திலும் இருப்பவர்கள் "கொடுத்து வைத்தவர்" என்பார்கள். மேலே இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி வேறு. "ஹாக்கா வாங்கியாச்சா?" பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஹாக்கா என்று மலைவாசிகள் வாயில் புழங்குவது மலையிடப் பாதுகாப்புக் குழுமம். 1990-ல் அரசாணை மூலம் வந்தது. அது எப்படி வந்தது, வந்த பிறகு என்ன ஆயிற்று என்பதை நம் வட்டாரத்துப் பெரியவர்கள் பலரும் துண்டு துண்டாக அறிவார்கள். கோர்த்துச் சொல்லலாம் என்று தோன்றியது.

கொடைக்கானலின் முதல் இரண்டு பங்களாக்களை 1845-ல் கட்டியவர்கள் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள். சன்னிசைடு, ஷெல்டன் என்று பெயர். மதுரை வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் மேலே வந்தவர்கள். பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து குதிரைப் பாதை. பெட்டி படுக்கையும் சில நேரம் துரைசாணிகளும் கூலிகளின் தோளில்தான் ஏறினார்கள். 1863-ல் லெவிஞ்ச் துரை அணை கட்டி ஏரியை உண்டாக்கினார். 1899-ல் நகராட்சி வந்தது. அந்தக் காலத்தில் கட்டடத்துக்குப் பெரிய தடை அரசாங்கம் அல்ல, மலைப்பாதைதான். ஒரு மூட்டை சுண்ணாம்பு மேலே வந்து சேருவதே பாடு. அதனால் தேவைக்கு மேல் யாரும் கட்டவில்லை.

மோட்டார் சாலை வந்ததும் அந்தத் தடை போயிற்று. 1955-ல் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தன் பட்டா நிலத்து மரத்தையே அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்றது. எழுபது, எண்பதுகளில் உல்லாசப் பயணம் பெருகி, ஏரியைச் சுற்றி விடுதிகள் முளைத்தன. 1985-ல் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் தொடங்கியது. ஹாக்காவும், 1993-ல் கொடைக்கானல் முழுமைத் திட்டமும் அதற்குப் பின் வந்தவை. எது குடியிருப்புப் பகுதி, எது வணிகப் பகுதி என்று பிரித்தார்கள். கட்டடம் 7 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்றார்கள். அதாவது இரண்டு தளம்.

விதியின் மை காயும் முன்பே அதன் சோதனை வந்தது. பிளசண்ட் ஸ்டே ஓட்டல் கதை உங்களுக்கு மறந்திருக்காது. இரண்டு தளத்துக்கு அனுமதி, எழும்பியது ஏழு. 1994 மே மாதம் அதற்கு விலக்கு அளித்து அரசாணையே வந்தது. பாதுகாப்பு மன்றம் வழக்குப் போட, 1995 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்து, கூடுதல் தளங்களை இடிக்கச் சொன்னது. பிறகு அது ஊழல் வழக்காகி, 2000 பிப்ரவரி 2 அன்று ஜெயலலிதாவுக்கு ஓராண்டு தண்டனை விதிக்கப்பட்டது. அன்றைய கலவரத்தில்தான் தர்மபுரியில் பேருந்துக்குத் தீ வைத்து, கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் எரிந்து போனார்கள். 2001 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அவரை அந்த வழக்கிலிருந்து விடுதலை செய்தது. ஒரு கட்டட அனுமதி விவகாரம் எங்கே தொடங்கி எங்கே போய் முடிந்தது பாருங்கள். சம்பந்தமே இல்லாத மூன்று பெண் பிள்ளைகள்.

இது பெரிய இடத்துக் கதை. சின்ன ஆட்கள் கதைக்கு வருகிறேன்.

பத்து வீடு கட்டி விற்கலாம் என்று வருகிற ஒரு சாதாரண கட்டுநரை எடுத்துக் கொள்ளுங்கள். மண் தாங்குமா என்று கனிமவளத் துறை, மண்ணரிப்பு வருமா என்று வேளாண் பொறியியல் துறை, காட்டை ஒட்டி இருக்கிறதா என்று வனத்துறை, நிலம் யாருடையது என்று வருவாய்த் துறை. எல்லோரும் தடையில்லாச் சான்று தந்த பிறகு கோப்பு சென்னைக்குப் போகும். கேட்கிற கேள்வி ஒவ்வொன்றும் நியாயமானதே. சரிவில் மண்ணை வெட்டிச் சமப்படுத்தி, தாங்குசுவர் ஒழுங்காகக் கட்டாமல் விட்டால் ஐப்பசி மழையில் என்ன ஆகும் என்று மலையில் பிறந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டாம். சங்கடம் காலத்தில் இருக்கிறது. அனுமதி புரட்டாசியில் கைக்கு வந்தால் அந்த வருடம் அஸ்திவாரம் தோண்ட முடியாது. மழை விட்டு, தை பிறந்து, வேலை தொடங்கும்போது மணல் விலையும் லாரி வாடகையும் ஏறியிருக்கும். வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் மழை பார்க்காமல் ஓடியிருக்கும்.

என் மைத்துனர் பண்ணைக்காடு பக்கம் எட்டு சென்ட் மனை வாங்கினார். ஓய்வூதியப் பணம் மொத்தமும் அதில்தான். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் இல்லை. அப்போது யாரும் அதைக் கேட்கவும் இல்லை, பத்திரமும் பதிவாயிற்று. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர்நீதிமன்றம் தடுத்தது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தபோது சமவெளிக்காரர்கள் மூச்சு விட்டார்கள். மலைப்பகுதி மனைகளுக்கு என்று தனியாக ஆணை வர 2020 மார்ச் ஆகிவிட்டது. வந்த வாரம் ஊரடங்கு! அதன் பிறகு ஓர் அலுவலகத்தில் சரிவு அளவுச் சான்றை இரண்டு முறை கேட்டார்கள்; முதல் முறை கொடுத்தது கோப்பில் இல்லையாம். மைத்துனர் கோபக்காரர் அல்ல. மறுபடியும் நகல் எடுத்துக் கொண்டு பஸ் ஏறினார்.

அவர் போன்றவர்கள் பஸ்ஸில் ஏறி இறங்கிய அதே காலத்தில் ஊருக்குள் நடந்தது வேறு. வீடு என்று அனுமதி வாங்கி, கட்டி முடித்ததும் 'காட்டேஜ்' என்று பலகை மாட்டியவர்கள் ஏராளம். 1993 திட்டத்தை உரிய காலத்தில் திருத்தவில்லை. ஊர் வளர்ந்தது, வரைபடம் வளரவில்லை. வணிகப் பகுதி என்று குறித்த இடம் போதாமல், குடியிருப்புப் பகுதியே விடுதியாக மாறிற்று. பார்த்தும் பாராமல் இருந்தவர்கள் இருந்தார்கள். கடைசியில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டு, 2019 தொடக்கத்தில் விதிமீறிய கட்டடங்களுக்குச் சீல் வைத்தார்கள். அறை பெருக்கும் பெண்களும் சமையல்காரர்களும் வேலை இழந்து நின்றார்கள். கட்டியவர்களில் பாதிப்பேர் வெளியூர்க்காரர்கள்.

விதியைத் தளர்த்து என்று கட்டுமானக்காரர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. 7 மீட்டர் இருக்கட்டும். மரச் சட்டம் இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு துறையும் எத்தனை நாளில் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும் என்பதற்கும் ஒரு அளவு வேண்டும். இல்லை என்றாலும் சீக்கிரம் சொல்லிவிட்டால், மனிதன் கடன் வாங்காமல் இருப்பான். இப்போது இருக்கிற முறையில் பொறுமையும் நேர்மையும் உள்ளவன் வரிசையில் நிற்கிறான். மற்றவன் கட்டிவிட்டு வக்கீல் வைத்துக் கொள்கிறான்.

மைத்துனரின் எட்டு சென்ட்டில் இப்போதைக்குச் சௌசௌ கொடி படர்ந்திருக்கிறது. போன மாதம் ஒரு மூட்டை கொடுத்தனுப்பினார்.