கெகார்டு துறவிமடம்

கெகார்டு, ஆர்மீனியாவின் கொட்டாய்க் மாகாணத்தில் அசாத் ஆற்றின் மேல் பள்ளத்தாக்கில் அமைந்துள்ள நடுக்காலத் துறவிமடம் ஆகும். இதன் ஒரு பகுதி கற்களால் கட்டப்பட்டது. மற்றொரு பகுதி மலைப்பாறையைக் குடைந்து உருவாக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் யுனெசுகோ இதனைப் பள்ளத்தாக்குடன் சேர்த்து உலக பாரம்பரியக் களமாக அறிவித்தது.

பெயர்

மரபின்படி இம்மடத்தை 4ஆம் நூற்றாண்டில், குகையில் சுரந்த ஊற்று ஒன்றின் அருகே நிறுவியவர் ஒளியூட்டுநர் கிரகோரி ஆவார். அக்காலத்தில் இது "குகை மடம்" எனப் பொருள்படும் ஐரிவாங்க் என அழைக்கப்பட்டது. இயேசுவின் விலாவைக் குத்தியதாக நம்பப்படும் ஈட்டி பின்னாளில் இங்கு வைக்கப்பட்டிருந்ததால் "ஈட்டி" என்னும் பொருளுடைய கெகார்டு என்ற பெயர் நிலைத்தது. அவ்வீட்டி தற்போது எச்மியாத்சின் அருங்காட்சியகத்தில் உள்ளது.

வரலாறு

923இல் அரபு ஆளுநர் நசுர் மடத்தைக் கொள்ளையிட்டு எரித்தார். பழைய ஐரிவாங்கின் கட்டிடம் எதுவும் எஞ்சவில்லை; இன்று காணப்படுபவற்றில் பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஜார்ஜிய அரசி தாமாரின் படைத்தலைவர்களான சகாரே, இவானே என்னும் உடன்பிறந்தோர் செல்யூக் துருக்கியரிடமிருந்து ஆர்மீனியாவின் பெரும்பகுதியை மீட்டனர். அவர்களது குடும்பத்தின் ஆதரவில் முதன்மைத் தேவாலயம் 1215இல் கட்டப்பட்டது. பின்னர், மங்கோலிய ஆட்சிக்காலத்தில், புரோசியன் சிற்றரசர் குடும்பம் மடத்தை விலைக்கு வாங்கியது. பாறைக்குள் அமைந்த தேவாலயங்களும் கல்லறை மண்டபங்களும் இவர்களது பணியாகும்.

கட்டிடக்கலை

முதன்மைத் தேவாலயம் சிலுவை வடிவத் தளமும் குவிமாடமும் கொண்டது. அதனை ஒட்டிய முன்மண்டபம் நான்கு தூண்கள் மீது நிற்கிறது. நடுவே தேன்கூடு போன்ற அடுக்கு வேலைப்பாடுள்ள கூரையும் ஒளித்துளையும் உள்ளன.

வியப்புக்குரியது குடைவரைப் பகுதியே. கட்டப்படும் மண்டபத்தில் ஒரு கல் பழுதானால் வேறு கல் வைக்கலாம். குடையப்படும் மண்டபத்தில் வெட்டியதைத் திரும்ப வைக்க இயலாது. முதல் குடைவரைத் தேவாலயத்தைச் செதுக்கிய கல்சாக்கின் பெயர் அங்குள்ள கல்வெட்டில் காணப்படுகிறது. கூரையைத் தாங்கப் பாறையே போதும் என்றபோதிலும், ஒன்றையொன்று குறுக்கிடும் வளைவுகளையும் அடுக்கு வேலைப்பாடுள்ள குவிமாடத்தையும் கட்டிய கட்டிடத்தில் உள்ளவாறே அவர் செதுக்கியுள்ளார். ஊற்று இத்தேவாலயத்தின் உள்ளேயே இன்றும் ஓடுகிறது.

அடுத்துள்ள கல்லறை மண்டபத்தின் சுவரில், சங்கிலியால் பிணைக்கப்பட்ட இரு சிங்கங்களும் ஆட்டுக்குட்டியைப் பற்றிய கழுகும் கொண்ட புரோசியன் குடும்பச் சின்னம் உள்ளது. இதற்கு மேலே, 1288இல் நான்கு தூண்களுடன் குடையப்பட்ட மற்றொரு மண்டபம் சிற்றரசர் பாபாக், அவர் மனைவி ருசுக்கான் ஆகியோரின் கல்லறையாகும். வெளிப்படிகளில் ஏறி, சிலுவைகள் செதுக்கப்பட்ட குறுகிய வழியாக இதனை அடையலாம். இதன் தரையிலுள்ள துளை வழியே கீழ் மண்டபத்தைக் காணலாம்.